மான்குர்த்திலிருந்து வந்த திருத்தங்கள்

என் கம்பெனி மூடப்படவில்லை. அது இருந்த மாடிதான் காலியானது. தொற்றுக் காலத்தில் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். தொற்று போன பிறகும் வேலை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று வாடகை இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் நாற்காலியில் கிடந்த சால்வையை யாரோ கூரியரில் அனுப்பிவைத்தார்கள். அன்றிலிருந்து பம்பாய் செம்பூரில் நான் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறைதான் எனக்கு வீடும் ஆபீசும்.

வாடிக்கையாளர்களின் சர்வர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி, வருகிற பதிலைப் படித்து, அடுத்த கட்டளையைத் தட்ட வேண்டும். விடியலில் தொடங்கும் ஷிஃப்ட் மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். சக ஊழியர்கள் ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்புவார்கள். மீட்டிங் என்றால் இந்தி. தமிழில் பேச எனக்கு இருந்தது தாராவியில் இருக்கும் தம்பி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அவனும் பாதிப் பேச்சில் இந்திக்குப் போய்விடுவான். அவன் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்து தெரியாது. ஒருமுறை அவன் மகள் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்து, "அத்தே, யே கோன்சா லேங்வேஜ் ஹை?" என்று கேட்டாள். இது எந்த மொழி என்கிறாள். அதில் இருந்தது தமிழ்.

நான் ஏழாவது வரை தாராவியில் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அதன் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஏழு வகுப்புத் தமிழ் அப்படியே எங்கோ கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரவு வரைக்கும் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் அதை வெளியே எடுத்தேன்.

கணினியில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கையேடு உண்டு. பல கையேடுகள் படித்து மாளாத அளவுக்கு நீளமானவை. ஒரு ஃபைலை நகலெடுக்க வேண்டும் என்று போனால், அந்தக் கட்டளையால் செய்யக்கூடியது அத்தனையும் வரிசையாக இருக்கும். நமக்கு வேண்டியது மட்டும் கண்ணில் படாது. அதனால் உலகத்தில் பல ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து, சம்பளம் எதுவும் வாங்காமல், சின்னச் சின்னப் பக்கங்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டளை என்ன செய்யும் என்று ஒரு வரி. அதன் கீழே அன்றாடம் தேவைப்படும் சில உதாரணங்கள். அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னால் அது சேர்ந்துவிடும்.

வேலைக்காக அந்தப் பக்கங்களை நான் தினமும் பார்ப்பவள்தான். ஒருநாள் மொழிகளின் வரிசையில் தமிழ் இருப்பதைக் கவனித்தேன். திறந்தால் உள்ளே சில பக்கங்களே இருந்தன. யாரோ ஆர்வமாகத் தொடங்கிப் பாதியில் விட்டுப் போயிருந்தார்கள். அன்று மதியமே ஒரு பக்கத்தை மொழிபெயர்த்து அனுப்பினேன். மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் இன்னொன்று.

எதற்கும் பதில் வரவில்லை. சரிபார்ப்பவர்களில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை போலிருந்தது. மற்ற மொழிகளில் அனுப்பப்பட்ட பக்கங்கள் வந்த நாளே சேர்ந்துகொண்டிருந்தன. என்னுடையவை சேராமல் வரிசையாகக் கிடந்தன. தினமும் காலையில் எழுந்ததும் டீ போடுவதற்கு முன்னால் அதைத்தான் திறந்து பார்ப்பேன். ஏதாவது வந்திருக்கிறதா? வந்திருக்காது. யாரோ கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருப்பதைப் போலவே ஆகிவிட்டது. அந்த அறையின் கதவையும் அப்போதெல்லாம் கேஸ் சிலிண்டர்காரரைத் தவிர யாரும் தட்டுவதில்லை.

மாதங்கள் போயின. பிறகு ஒருநாள் காலையில் ஒரு குறிப்பு வந்திருந்தது. என்னைப்போலச் சொந்தப் பெயர் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு புனைபெயர்.

நான் எழுதியிருந்த வரி இது: "அடைவொன்றினை அதன் உள்ளடக்கங்களுடன் மீள்சுழல் முறையில் நகலெடுத்திடுக." அடைவு என்றால் ஃபோல்டர். கலைச்சொல் அகராதி பார்த்து, மிகவும் பெருமையோடு எழுதிய வரி.

அதன் கீழே அந்தக் குறிப்பு: "இதை என் கணினி வாசித்தபோது திரும்பத் திரும்பக் கேட்டேன். என்ன சொல்கிறது என்று புரியவில்லை. ‘ஓர் அடைவை, உள்ளே இருப்பவற்றோடு நகலெடு’ என்று இருந்தால் போதாதா?"

எனக்குக் கோபம் வந்தது. பதிலே வராமல் இருந்தது பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. அகராதியில் இருக்கும் சொல்லைத்தானே போட்டேன் என்று எழுதினேன். அப்புறம்தான் அந்த வாக்கியம் உறைத்தது. கணினி வாசித்தபோது என்றால்?

கேட்டேன். பதில் வந்தது: "எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் கணினி குரலில் சொல்லும். அதைக் கேட்டுத்தான் வேலை செய்கிறேன். படமும் பட்டனும் நிறைந்த புரோகிராம்களில் எது எங்கே இருக்கிறது என்று குரலுக்கே தெரியாது. கட்டளைத் திரையில் எல்லாமே எழுத்து, அதனால் எனக்கு அதுதான் சுலபம். நீங்கள் எழுதியதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் மாற்றிவிடுங்கள்."

அன்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு என் வரிகளை உரக்க வாசித்தேன். தொண்டை கரகரத்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு பேசியதற்குப் பிறகு நான் வாயைத் திறந்து தமிழ் பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "நகலெடுத்திடுக" என்று அந்தச் சின்ன அறையில் சொன்னபோது யாருக்கோ அரசாணை போடுவதுபோல இருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. எல்லாப் பக்கங்களையும் திருத்தி அனுப்பினேன். அந்தப் புனைபெயர் சரி என்றதும் அவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

அதன் பிறகு திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. ‘தரவிறக்கு’வா ‘பதிவிறக்கு’வா என்று நாட்கணக்கில் வாதாடினோம். ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் அடுத்த சொல்லில் நான் பிடிவாதம் பிடிப்பேன். அந்த ஆள் சளைக்கவே மாட்டார். எழுத்தில் ஒரு கண்டிப்பு இருந்தது. பணி ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார், திருச்சியிலோ மதுரையிலோ ஒரு மாடி வீட்டில் இருக்கிறார் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். வேலையைத் தவிர வேறு எதையும் நாங்கள் எழுதிக்கொண்டதில்லை. ஆனாலும் காலையில் டீயோடு உட்காரும்போது யாரோ எதிரில் இருப்பதுபோல இருக்கும்.

மழைக்காலம் வந்தது. ஒரு வாரம் விடாமல் கொட்டியது. கரண்ட் வந்து வந்து போனது. "மழை. திருத்தி அனுப்பத் தாமதமாகும்" என்று எழுதினேன்.

"இங்கேயும் அதே கதைதான். ஹார்பர் லைன் ரயில் நின்றுவிட்டது என்று உம்மா சொன்னார்" என்று பதில் வந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஹார்பர் லைனா? நீங்கள் பம்பாயிலா இருக்கிறீர்கள்?"

"மான்குர்த். நீங்கள்?"

"செம்பூர்."

பிறகு, "நடுவில் கோவண்டி மட்டும்தான்" என்று வந்தது. அதன் கீழேயே, "சரி, மூன்றாவது உதாரணத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது."

சந்திக்கலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தொலைவில் இருக்கும்போது எழுத்தில் பழகியவர் திடீரென்று இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறார் என்றால் ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. கேட்டு, அவர் ஏதாவது சாக்குச் சொன்னால் இருப்பதும் போய்விடுமே என்ற பயமும் இருந்தது.

மழை விட்டுச் சில வாரங்களில் திருத்தங்கள் நின்றுபோயின. முதலில் வேலையாக இருப்பார் என்று நினைத்தேன். பிறகு உடம்புக்கு என்னவோ என்று நினைத்தேன். நலமா என்று எழுதினேன், பதில் இல்லை. ஒரு புனைபெயரையும் மான்குர்த் என்ற சொல்லையும் தவிர அவரைப் பற்றி என்னிடம் எதுவும் இல்லை. ஒரு மனிதர் காணாமல் போனால் யாரிடமும் கேட்க முடியாத அளவுக்குத்தான் பழகியிருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய அடியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ரயிலேறி மான்குர்த்தில் இறங்கினேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஸ்டேஷனுக்கு வெளியே மேம்பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். நீலத் தார்ப்பாய் போட்ட கூரைகள், அவற்றுக்குப் பின்னால் ஒரே மாதிரி எழும்பி நின்ற உயரக் கட்டடங்கள். கீழே இறங்கி நடந்தேன். ஓரிடத்தில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டு போனார்கள். அவர்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். நிறுத்தி என்ன கேட்பது? கணினியைப் பேசவைத்து வேலை செய்கிறவர், ஒற்று மிகும் இடம் தெரிந்தவர், அவர் வீடு எது என்றா? வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு, நான் எதிர்பார்ப்பதை விட்டுவிட்ட சமயத்தில், பக்கங்களில் என் பெயரோடு இருக்கும் முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. ஒரு போன் நம்பர், "பேச முடியுமா?" என்ற ஒரு வரி, கீழே அந்தப் புனைபெயர். உடனே கூப்பிட்டேன்.

"அக்கா, நாந்தான். திருத்தம் போடுத ஆள்."

இளம்பெண்ணின் குரல். அதுவும் எங்கள் பூர்வீகமான திருநெல்வேலியின் பேச்சு.

"நீங்க பொம்பளப் பிள்ளையா?"

"ஏன், ஆம்பளன்னு நெனச்சியளோ?"

"ரிட்டையர் ஆன வாத்தியார்னு நெனச்சேன்."

அவள் சிரித்தாள். பக்கத்தில் திரும்பி, "உம்மா, கேட்டியளா, என்னய வாத்தியாராம்" என்று சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "வீடு மாறிட்டோம்க்கா. ரோட்ட அகலமாக்குதோம்னு பழைய வீட்ட இடிச்சுட்டாங்க. அதுக்குப் பதிலா பில்டிங்ல ஏழாவது மாடி குடுத்திருக்காங்க. நெட் வரதுக்கே இவ்வளவு நாள் ஆயிட்டு. இப்ப கம்ப்யூட்டர் பேச மாட்டேங்கு."

"ஸ்பீக்கர் போயிருக்குமோ?"

"அண்ணன் அதுல மொபைலச் சொருகிப் பாத்தான். பாட்டு வருது. ஒங்களுக்கு மெயில் போட்டதும் அவந்தான். எனக்கு டைப் பண்ண முடியும். பதிலுக்கு அது என்ன சொல்லுதுன்னுதான் தெரியல. வீட்டுல வேற யாருக்கும் இந்தக் கட்டளை கிட்டளை எதுவும் தெரியாது." கொஞ்சம் தயங்கி, "நீங்க வர முடியுமா?" என்றாள்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் போனேன். கதவைத் திறந்தது அவள் அம்மா. "வாம்மா, வா. லிப்ட் ஓடுச்சா?" என்று கேட்டார். ஓடவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்துவிட்டு, பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவே மேஜையைக் காட்டினார். அவள் அங்கே எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த உருவம், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். என் பக்கமாகக் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் அதிக நேரம் நின்றுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

விஷயம் சிறியதுதான். அண்ணன் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர், வீடு மாற்றும்போது மானிட்டருக்குப் புது கேபிள் வாங்கிப் போட்டிருந்தார். அந்த கேபிள் படத்தோடு ஒலியையும் கொண்டு போவது. கணினி தன் குரலை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்க வழியில்லை.

காரணம் தெரிந்தது, மாற்றும் கட்டளையின் பின்பாதி எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் விழித்துக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் நின்றபடி சொன்னாள்: "‘ஒலி வெளியேறும் கருவிகளைப் பட்டியலிடு.’ அது மொதல்ல. அதுக்குக் கீழ ‘இயல்பான கருவியை மாற்று.’ நம்ம போட்ட பக்கந்தான்க்கா. இயல்பானன்னு வேண்டாம், வழக்கமானன்னு வைங்கன்னு நான் சொன்னேன். நீங்க கேக்கல."

"சரி, கட்டளையச் சொல்லு."

எழுத்து எழுத்தாகச் சொன்னாள். தட்டினேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் சரசரவென்று கொட்டத் தொடங்கியது. திரையில் இருந்ததையெல்லாம் அது ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போனது. அவள் கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. தமிழா ஆங்கிலமா என்றே தெரியவில்லை. அவளோ தலையைச் சாய்த்துக்கொண்டு, பசித்தவர் முன்னால் சோறு வந்ததுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுப்படியிலிருந்து அவள் அம்மா, "அந்தப் பொம்பள வந்துட்டாளா?" என்று கேட்டார்.

"வந்துட்டா உம்மா."

"அப்பாடா. வீடே வெறிச்சுன்னு கெடந்துச்சு."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மான்குர்த் போவது வழக்கமாயிற்று. ஒரே மேஜையில் உட்கார்ந்து பக்கங்கள் எழுதினோம். நான் எழுதி வாசிப்பேன். அவள் நடுவில் கையை உயர்த்தி நிறுத்துவாள். ‘வழக்கமான’ கடைசியில் அவள் விருப்பப்படிதான் ஆனது. வாதாடுவது மட்டும் நேரில் வந்த பிறகு குறைந்துவிட்டது. எழுத்தில் அவ்வளவு கறாராக இருந்தவள் எதிரில் இருந்தால் சட்டென்று விட்டுக்கொடுத்துவிடுவாள். எனக்கு அதில் சின்ன வருத்தம்கூட உண்டு.

அவள் பட்டம் முடித்து வீட்டிலேயே இருந்தாள். எந்த வேலைக்குப் போனாலும், எப்படி ஆபீஸுக்கு வருவாய், எப்படிப் பார்ப்பாய் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும் என்றாள். என் கம்பெனியில் சொல்லிப் பார்த்தேன். பார்க்கலாம் என்றார்கள், பார்க்கவில்லை. பிறகு அவளாகவே பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும்படி புரோகிராம்கள் இருக்கின்றனவா என்று சோதிக்கும் வேலை. இதுவரை என்ன செய்திருக்கிறாய் என்று நேர்காணலில் கேட்டபோது எங்கள் பக்கங்களைக் காட்டினாளாம். ஒவ்வொரு திருத்தமும் யார் போட்டது, ஏன் போட்டது என்று அங்கேயே இருக்கிறதல்லவா. எடுத்துக்கொண்டார்கள்.

குர்லா டெர்மினஸுக்கு வழியனுப்பப் போனேன். மறுபடி விடுப்பில் வந்திருந்த அண்ணன் அவளைப் பெங்களூரில் விட்டுவிட்டு அங்கிருந்தே வளைகுடாவுக்கு விமானம் ஏறுவதாக ஏற்பாடு. பிளாட்பாரக் கூட்டத்தில் அவள் என் தோளைப் பிடித்தபடி நடந்தாள். பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நேத்து அனுப்புன பக்கத்துல கடைசி வரி சரியில்ல."

"போய்ச் சேந்துட்டு எழுது. இப்ப அதுவா முக்கியம்?"

"வேற என்ன சொல்லதுன்னு தெரியலக்கா" என்றாள். ரயில் போன பிறகு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே அவளுக்கு வேலை அதிகம். திருத்தங்கள் இப்போது எப்போதாவது வருகின்றன. நன்றாக இருக்கிறாள், ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டுகிறாள், புதுச் சிநேகிதிகளைப் பற்றிச் சொல்கிறாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்த பிறகு இந்த அறை முன்பைவிடச் சின்னதாக இருக்கிறது. முன்னால் தனிமை என்பது எனக்குப் பழகிப்போன ஒன்று, அதை நான் கவனிப்பதில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த மணியில் தொடங்குகிறது என்றுகூட எனக்குத் தெரிகிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு, யாரும் கூப்பிடாமலே மான்குர்த் போனேன். அவள் அம்மா தனியாக இருந்தார். மகளோடு போய்விடலாமே என்றால், "ஹாஸ்டல்ல என்னய எங்க வைப்பா? வீட்டப் பூட்டிப் போட்டுட்டும் போவ முடியாதும்மா" என்றார். பழைய இடத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர்களுக்கு வேறு கட்டடம் கிடைத்துவிட்டது. இந்த மாடியில் யாரையும் தெரியாது. எங்களுக்குள் பேச அதிகம் இல்லை. டீ குடித்தோம். மேஜை மேல் துணி போட்டு மூடிய மானிட்டர் இருந்தது. கணினியை அவள் எடுத்துப் போயிருந்தாள்.

திடீரென்று கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்து என்னதாம்மா எழுதுனிய? அவகிட்ட கேட்டா, ஒனக்குப் புரியாது உம்மான்னுருவா. எனக்கு எழுத்து தெரியாது, பாத்துக்கோ."

என் மொபைலில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். வேண்டாத ஃபைல்களை நீக்கும் கட்டளை. வாசித்தேன். "‘ஒரு கோப்பை நீக்கு.’ ‘நீக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் கேள்.’ ‘வெற்று அடைவுகளை மட்டும் நீக்கு.’"

அவர் முகத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து கேட்டார். அர்த்தம் புரிந்திருக்காது. முடித்ததும், "அவ சொல்லுத மாதிரியே இருக்கு. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா" என்றார். "இன்னும் இருக்கா?"

"நெறைய இருக்கும்மா."

"வாசி."

வெளிச்சம் போகும்வரை வாசித்தேன். கிளம்பும்போது எவர்சில்வர் தூக்கில் மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். "தூக்கு அவ வாப்பாவோடது. பத்திரமாக் கொண்டுவந்து குடுத்துரு" என்றார். ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. குழம்பு சிந்தாமல் தூக்கை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டே வந்தேன்.